‘நான் கீழே நிற்கிறேன்’

அம்மா 2021 டிசம்பரில் காலமானார். பக்கவாதம் வந்து நான்கு ஆண்டுகள் படுக்கையில் இருந்தவருக்கு மூக்குக் குழாய் வழியே பால் கொடுத்து, இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டவள் நான். காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்தபோது, “இனிமேலாவது கொஞ்சம் ஓய்வெடு” என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனால் ஓய்வென்று படுத்தவளால் அதன் பிறகு எழுந்திருக்கவே முடியவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, அம்மாவைப் புரட்ட வேண்டிய நேரத்துக்கு, கண் தானாக விழித்துக்கொள்ளும். பிறகு விடியும்வரை தூக்கம் வராது. வேலைக்குப் போனால் நான் இருபது ஆண்டுகளாகப் பார்த்துவரும் கணக்குத்தாளில் ஒரே வரியைப் பத்து முறை படிப்பேன். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, “கவலை எல்லாருக்கும்தான் இருக்கிறது” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை. அது மனச்சோர்வு என்று தெரிந்துகொண்டதையும், மாத்திரையும் நடைப்பயிற்சியும் துணையுமாக அதிலிருந்து தேறியதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 ஏப்ரலில் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனேன். தலைவலிக்காகத்தான் போனேன். தலைவலி, கால் கனம், நெஞ்சை அடைப்பதுபோல ஒரு பாரம் என்று உடம்பைப் பற்றி மட்டுமே சொன்னேன். நம்மில் பலர் அப்படித்தான் சொல்கிறோம், மனம் சரியில்லை என்பதைச் சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. இரத்த அழுத்தம் பார்த்து முடித்த மருத்துவர், ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை என் முன் வைத்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள், எத்தனை நாள் தூக்கம் கெட்டது என்பதுபோன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. எனக்கு 17 வந்தது. வாழ்வதைவிட இறந்துபோவதே மேல் என்ற எண்ணம் வந்ததா என்று கேட்ட ஒன்பதாவது கேள்விக்கு நான் ‘சில நாள்கள்’ என்று குறித்திருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைப் பற்றி மட்டும் தனியாக நீண்ட நேரம் பேசினார். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் தொலைபேசி எண்ணை என் கைப்பேசியில் அப்போதே பதிந்துகொள்ளச் சொன்னார். இப்போது அது 1767, 24 மணி நேரமும் இயங்கும் எண். இதைப் படிப்பவர்களில் யாருக்கேனும் அந்த ஒன்பதாவது கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையாக இருந்தால், நடைப்பயிற்சியைப் பற்றி நான் எழுதியிருப்பதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் அந்த எண்ணை அழையுங்கள், அல்லது ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு வந்திருப்பது மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னார். 2016இல் நடத்தப்பட்ட சிங்கப்பூர் மனநல ஆய்வின்படி, இங்கே ஏறத்தாழ 16 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்த நோய் வருகிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த அறையில் அவ்வளவு கூசியிருக்க மாட்டேன். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்றும், முடிந்தால் வாரத்துக்கு மூன்று நாள் கொஞ்சம் வேகமாக நடக்கும்படியும் சொன்னார். மனச்சோர்வு நாட்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்திருப்பதால் மருத்துவச் செலவுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்த முடிந்தது.

மாத்திரையை விழுங்கிவிடலாம். நடப்பது அப்படியா? நடக்கச் சொன்னது மருத்துவர் மட்டுமல்லர். நாத்தனார் சொன்னார், கோயிலில் பார்த்தவர்கள் சொன்னார்கள், ஊரிலிருந்து தொலைபேசியில் சித்தி சொன்னார். சொன்னவர்கள் எல்லாரும் என்மேல் அன்புள்ளவர்கள்தான். ஆனால் இந்த நோய் முதலில் பறித்துக்கொள்வதே ஒரு காரியத்தைத் தொடங்கும் சக்தியைத்தான் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. காலில் கட்டுப்போட்டவரிடம் யாரும் ஓடச் சொல்வதில்லை. எனக்கு வெளியே தெரியும்படி கட்டு எதுவும் இல்லை. ஒவ்வொரு மாலையும் நாளைக்கு நடக்கலாம் என்று நினைப்பேன், காலையில் எழ மாட்டேன், பிறகு அதற்காக நாள் முழுவதும் என்னையே நொந்துகொள்வேன். நடக்காமல் போனதோடு, நடக்கவில்லையே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது.

இதை மாற்றியவர் எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் இருக்கும் ஓர் அக்கா. பள்ளி உணவகத்தில் முப்பது ஆண்டு கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். வயது 68. மே மாதத்தில் ஒருநாள் மின்தூக்கியில் என்னைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல், “நாளைக்குக் காலைல ஆறரைக்கு நான் கீழே நிக்கிறேன். எனக்கு முழங்கால் வலி, தனியா நடக்கப் பயமா இருக்கு. துணைக்கு வா” என்றார். “பாக்கலாம்க்கா” என்று சொல்லிவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் ஆறரை மணிக்குச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில், அஞ்சல்பெட்டிகளுக்குப் பக்கத்தில், குடையை ஊன்றிக்கொண்டு அவர் நின்றிருந்தார்.

அன்றைக்குச் சப்பாத்து மாட்டியதை நான் மறக்கவே முடியாது. வாசலில் சப்பாத்து அலமாரியின் மேல் உட்கார்ந்து ஒரு காலுக்கு மாட்டினேன். கயிற்றைக் கையில் பிடித்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியவில்லை. முடிச்சுப் போடுவதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தும் விரல்கள் நகரவில்லை. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த எதிர்வீட்டு மலாய்ச் சிறுவன் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான். கடைசியில் என் மகள் வந்து, ஒன்றும் பேசாமல் குனிந்து, இரண்டு கால்களுக்கும் கயிற்றைக் கட்டிவிட்டாள். நான் அவளுக்குப் பாலர் பள்ளிக் காலத்தில் கட்டிவிட்டதுபோலவே இரண்டு முடிச்சு. கீழே போனபோது அக்கா, “வந்துட்டியா, வா” என்றார், அவ்வளவுதான். அன்றைக்குப் புளோக்கை ஒருமுறை சுற்றினோம். ஏழெட்டு நிமிடம் இருக்கும்.

அந்த ஏழெட்டு நிமிடத்தோடு நான் நின்றிருக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இத்தனை மாதம் வீணாய்ப் போனதை ஒரே நாளில் ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்துத் தனியாக ஆறு கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தேன். மறுநாள் குதிகால் வீங்கியது. பத்து நாள் நடக்க முடியவில்லை. அந்தப் பத்து நாளில் மனம் முன்பைவிடக் கீழே போனது. என்னால் நடக்கக்கூட முடியவில்லை என்ற எண்ணம் வேறு சேர்ந்துகொண்டது. திரும்பத் தொடங்கியபோது அக்கா ஒரு கட்டுப்பாடு விதித்தார்: இன்னும் கொஞ்சம் நடக்கலாமே என்று தோன்றும்போதே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் கூட்டினோம். இரண்டு மாதத்தில் நாற்பது நிமிடம் ஆயிற்று.

வேகம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மருத்துவர் எளிமையாகச் சொல்லியிருந்தார். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதயத் துடிப்பு கூடி, மூச்சு சற்றே வாங்கி, முதுகு நனைந்தால் அது ஏரோபிக் பயிற்சி. அக்காவின் முழங்காலுக்கு அந்த வேகம் எப்போதும் ஒத்துவராது என்பதால், முதல் பத்து நிமிடம் அவரோடு மெதுவாக நடந்து, அவர் பூங்கா இருக்கையில் உட்கார்ந்ததும் நான் தனியே வேகமாக ஒரு சுற்று போய்விட்டு அவரிடமே திரும்பி வருவேன். எங்கள் வீடு அங் மோ கியோவில், பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு எதிர்ப்பக்கம். அங்கே ஓடும் காலாங் ஆறு முன்பு நேராக இழுத்த சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. 2012இல் பூங்காவைத் திரும்பத் திறந்தபோது வளைந்து ஓடும் ஆறாகிவிட்டது. இப்போது நீர்நாய்கள்கூட வருகின்றன. கால்வாய்க் காலத்தில் மழை கொட்டினால் தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று அக்கா கைகாட்டிச் சொல்வார். தொடக்கத்தில் இதெல்லாம் என் காதில் விழுந்ததே தவிர மனத்தில் ஏறவில்லை.

எது எப்போது திரும்பி வந்தது என்பதை விரிவாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறேன். நடக்கத் தொடங்கிய பலர், மனம் இலேசாகவில்லை என்று இரண்டாம் வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சமையலறையில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழிக்கும் முன், அதன் மூலையில் எத்தனை நிமிடம் நடந்தேன், எத்தனை மணிக்கு விழித்தேன் என்ற இரண்டை மட்டும் எழுதி, தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்தேன். அதனால்தான் இன்றைக்கு நாள் கணக்கோடு சொல்ல முடிகிறது. முதல் இரண்டு வாரம் எந்த மாற்றமும் இல்லை. குதிகால் ஆறி மறுபடி தொடங்கிய மூன்றாம் வாரத்தில், மூன்று மணிக்கு விழித்தாலும் மறுபடி கண்ணயர முடிந்தது. ஐந்தாம் வாரத்தில் பசி வந்தது; நடந்து முடிந்து கோப்பிக் கடையில் உட்கார்ந்தபோது ஒரு தோசையைக் கேட்டு வாங்கி முழுவதும் சாப்பிட்டேன், அக்கா கண்டும் காணாததுபோல இருந்தார். ஏழாம் வாரம் என்று நினைக்கிறேன், ஒரு மாலை ரசம் தாளிக்கும்போது கடுகும் கறிவேப்பிலையும் வெடித்து மேலெழுந்த வாசனை எனக்குத் தெரிந்தது. பல மாதமாக நாள்தோறும் தாளித்திருக்கிறேன். வாசனை தெரியாமல் இருந்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்று அழுதேன். அம்மா இறந்ததற்கு அன்றைக்குத்தான் ஒழுங்காக அழுதேன். அலுவலகக் கணக்குகளில் கவனம் திரும்பியது எல்லாவற்றுக்கும் கடைசியில், ஏறத்தாழ நான்காம் மாதத்தில். எட்டாம் வாரத்தில் அதே ஒன்பது கேள்விகளுக்கு 11 வந்தது. ஆகஸ்டு மாதக் கடைசியில் 6.

இதில் நடைக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, அக்காவின் துணைக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஆய்வாளர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தாலின் குழு 1999இல் வெளியிட்ட ஆய்வு என்னைப்போன்றோருக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதில் கலந்துகொண்ட 156 பேரும் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள். ஒரு பிரிவினர் வாரம் மூன்று நாள் குழுவாக நடந்தும் மெதுவாக ஓடியும் பயிற்சி செய்தார்கள், ஒரு பிரிவினர் மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரை எடுத்தார்கள், மூன்றாம் பிரிவினர் இரண்டையும் செய்தார்கள். 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தேறியிருந்தனர். ஆனால் தொடக்க வாரங்களில் மாத்திரைதான் விரைவாக வேலை செய்தது. அதே குழு 2007இல் 202 பேரிடம் செய்த ஆய்வில், குழுவாகப் பயிற்சி செய்தவர்களில் 45 விழுக்காட்டினரும், வீட்டில் தனியாகச் செய்தவர்களில் 40 விழுக்காட்டினரும், மாத்திரை எடுத்தவர்களில் 47 விழுக்காட்டினரும், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 31 விழுக்காட்டினரும் நோய் நீங்கப்பெற்றனர். வெறும் மாத்திரைக்கே இத்தனை பேர் தேறினார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆய்வுகள் எல்லாமே ஒரே குரலில் பேசவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2013 மறுஆய்வு 39 ஆய்வுகளைத் திரட்டி, உடற்பயிற்சிக்கு மிதமான பலன் உண்டு என்றது. மிகக் கண்டிப்பான முறையில் நடத்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் அந்தப் பலன் நன்றாகச் சுருங்கிவிடுகிறது என்றும் சொன்னது. 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 218 ஆய்வுகளையும் 14,170 பேரையும் தொகுத்து வந்த கட்டுரை, நடத்தல் அல்லது மெல்லோட்டம், யோகாசனம், தசைப்பயிற்சி ஆகியவை குறிப்பிடத்தக்க பலன் தருகின்றன என்றும், வேகம் கூடினால் பலனும் கூடுகிறது என்றும் கூறியது; ஆனால் சான்றின் உறுதி குறைவு என்பதை அதை எழுதியவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். என்னை அதிகம் யோசிக்கவைத்தது 2012இல் பிரிட்டனில் 361 பேரிடம் நடந்த ஆய்வு. வழக்கமான சிகிச்சையோடு, உடலியக்கத்தைக் கூட்டும்படி ஊக்கமும் ஆலோசனையும் பெற்றவர்கள் கூடுதலாக நடமாடியதாகச் சொன்னார்கள். ஆனால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் மனச்சோர்வு கூடுதலாகக் குறையவில்லை. எனக்குக் கிடைத்த ஆலோசனைகளையும், அஞ்சல்பெட்டிப் பக்கம் ஊன்றியிருந்த குடையையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது அந்த முடிவு எனக்கு வியப்பாக இல்லை. இது என் ஊகமே. தனியாகத் தொடங்க முடிந்தவர்கள் தனியாகவே தொடங்கலாம். என்னால் முடியவில்லை.

உடற்பயிற்சியின்போது எண்டார்பின் என்ற வேதிப்பொருள் சுரப்பதால் மகிழ்ச்சி வருகிறது என்று பலரும் சொல்வார்கள். மூளைக்குள் நடப்பது அவ்வளவு எளிதாக விளங்கிவிடவில்லை. நரம்புச் செல்களை வளர்க்கும் புரதங்கள், உறக்கம், உடலின் அழற்சி, நாளுக்கு ஓர் ஒழுங்கு கிடைப்பது என்று பல காரணங்களை ஆராய்கிறார்கள். எனக்குத் தெரிந்தவரை உறக்கம்தான் முதலில் வந்தது, மற்றவை அதன் பின்னால் வந்தன.

செப்டம்பரில் நான் செய்த தவறு பெரியது. மதிப்பெண் 6க்கு இறங்கிவிட்டது, நாள்தோறும் நடக்கிறேன், இனி மாத்திரை எதற்கு என்று யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டேன். நான்காம் நாளே தலை சுற்றியது, பேருந்தில் நிற்க முடியவில்லை, காரணமில்லாமல் எரிச்சல் வந்தது. மூன்று வாரத்தில் அதிகாலை மூன்று மணி விழிப்பு திரும்பிவிட்டது. நடந்துகொண்டுதான் இருந்தேன்; அது மட்டும் தாங்கவில்லை. மருத்துவர் கோபப்படவில்லை. இந்த மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, தேறிய பிறகும் பல மாதம் தொடர்ந்துவிட்டு அளவைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று விளக்கி, மறுபடியும் தொடங்கிவைத்தார். 2023 கடைசியில் அவருடைய மேற்பார்வையில்தான் முழுவதும் நிறுத்தினேன். உடற்பயிற்சியைப் பற்றி நான் யாரிடம் பேசினாலும் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

நம் ஊரில் நடப்பவர்களுக்குச் சில விஷயங்கள். இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறது. ஆறரைக்குத் தொடங்கினால் இருட்டில் கிளம்பி வெளிச்சத்தில் திரும்பலாம், வெயிலும் ஏறியிருக்காது. அந்த விடியல் வெளிச்சம் கண்ணில் பட்ட நாள்களில் இரவு சீக்கிரம் உறக்கம் வந்ததை என் தாள்களில் பார்க்கிறேன். காலையில் முடியாதவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் நடக்கலாம். டிசம்பர், ஜனவரி மழையில் பூங்காவை மறந்துவிடுங்கள். கூரை போட்ட நடைபாதைகளும் புளோக்குகளின் கீழ்த்தளங்களும் தொடர்ந்து இருப்பதால் நனையாமலே அரை மணி நேரம் நடந்துவிடலாம், நானும் அக்காவும் அப்படித்தான் நடக்கிறோம். மின்னல் இருந்தால் வேண்டவே வேண்டாம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே கால் தூக்கி நடப்பேன்; பதினைந்து நிமிடத்திலேயே வியர்த்துவிடும். இனிப்புநீர், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் வேகத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது. அந்த எண்ணைத் தேறி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அதைப் பார்த்து நான் மலைத்துத்தான் போனேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், நடக்கச் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு எங்கே நிற்பீர்கள் என்று சொல்லுங்கள். அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். மறுநாளும் நில்லுங்கள். அக்கா அந்த முதல் இரண்டு நாளும் கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனாராம். இதை எனக்குச் சொன்னது அவர் அல்லர், கீழ்த்தளத்தைக் கூட்டும் துப்புரவாளர்தான். கயிற்றைக் கட்டிவிட்ட மகளும் இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அம்மாவின் திதி டிசம்பரில் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அதற்கு இரண்டு வாரம் முன்பே மூன்று மணி விழிப்பு எட்டிப் பார்க்கிறது. மழையும் சேர்ந்துகொள்வதால் நடையும் குறைகிறது. ஆகவே இப்போதெல்லாம் நவம்பர் கடைசியிலேயே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுகிறேன், அந்த மாதத்துக்கு நடையை இருபது நிமிடமாகக் குறைத்து, அதை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்குச் சென்ற ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்தது. மருத்துவர் அவரை நடக்கச் சொல்லியிருக்கிறார், அவருக்கோ விழுந்துவிடுவோமோ என்ற பயம். காலை ஆறரைக்கு நான் அஞ்சல்பெட்டிப் பக்கம் போய் நிற்கிறேன். நேற்று அவர் வரவில்லை.